உங்க கேஷ்பேக் கார்டை வங்கி நிறுத்துதா? அடுத்த கார்டை எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

‘தாங்கள் பயன்படுத்தி வரும் கிரெடிட் கார்டு இந்தத் தேதிக்குப் பிறகு செயல்படாது’ என்று வங்கியிலிருந்து ஒரு இமெயில் வருகிறது. வழக்கமான விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுபவர்கள்தான் அதிகம். சில வாரம் கழித்து மளிகை ஆர்டர் போடும்போது ‘பேமென்ட் ஃபெயில்டு’ என்று வந்தால்தான் விஷயம் புரியும். உடனே கூகுளில் ‘பெஸ்ட் கேஷ்பேக் கார்டு’ என்று தேடி, பட்டியலில் முதலில் நிற்கும் கார்டுக்கு அப்ளை செய்துவிடுவார்கள்.

இங்கேதான் நஷ்டம் தொடங்குகிறது. அந்தப் பட்டியலை எழுதியவருக்கு நீங்க மாதம் எவ்வளவு பெட்ரோல் போடுகிறீர்கள், எந்த ஆப்பில் காய்கறி வாங்குகிறீர்கள் என்று தெரியாது. மாதம் 30,000 ரூபாய் செலவழிக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு முதலிடம் பிடிக்கும் கார்டு, இன்னொருவருக்குக் கடைசி இடத்துக்குப் போகும். அது எப்படி என்று கீழே கணக்கோடு பார்ப்போம். அதற்கு முன் இந்தக் கார்டுகள் ஏன் நிறுத்தப்படுகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

நல்லா போய்ட்டிருந்த கார்டை ஏன் நிறுத்துறாங்க?

நீங்க கடையில் கார்டைத் தேய்க்கும்போது, கடைக்காரர் அந்தத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தைக் கட்டணமாகக் கொடுக்கிறார். அதில் பெரும் பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. உங்களுக்கு வரும் 1 சதவீத கேஷ்பேக்கை வங்கி இதிலிருந்தே சமாளித்துவிடலாம். 5 சதவீதத்தைச் சமாளிக்க முடியாது. மீதிப் பணம் கூட்டு சேர்ந்த ஷாப்பிங் நிறுவனத்திடமிருந்தோ, ஆண்டுக் கட்டணத்திலிருந்தோ, பில்லை முழுசாகக் கட்டாமல் வட்டி கட்டுபவர்களிடமிருந்தோ வர வேண்டும்.

இந்தக் கணக்கு ஒத்துவராதபோது வங்கி முதலில் சலுகையைக் குறைக்கும். ஆக்சிஸ் வங்கியின் ஏஸ் கார்டு 2020-இல் வந்தபோது பொதுவான செலவுகளுக்கு 2 சதவீதம் கொடுத்தது. 2024 ஏப்ரலில் அது 1.5 சதவீதமானது. 2022-இல் வந்த எஸ்பிஐ கேஷ்பேக் கார்டில், 2023 மே முதல் மாத உச்சவரம்பு 10,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக இறங்கியது. விமான நிலைய லவுஞ்ச் சலுகையும் போனது.

சில நேரம் கார்டே போய்விடும். சிட்டி வங்கி இந்தியாவில் தன் சில்லறை வணிகத்தை ஆக்சிஸ் வங்கிக்கு விற்றது. 2023 மார்ச் 1 அன்று அது கைமாறியது. 2024 ஜூலையில் சிட்டி கார்டுகள் எல்லாம் ஆக்சிஸ் கார்டுகளாக மாற்றப்பட்டன. விஸ்தாரா விமான நிறுவனம் 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. அந்தப் பெயரில் வங்கிகள் கொடுத்து வந்த கார்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வங்கி அல்லாத நிறுவனங்கள் வழங்கும் ப்ரீபெய்டு கார்டுகளில் கடன் தொகையை ஏற்றக் கூடாது என்றது அந்த உத்தரவு. அதனால் இளைஞர்களிடம் பிரபலமாக இருந்த ஸ்லைஸ் போன்ற ஃபின்டெக் கார்டுகள் நின்றன.

ஆக, இன்று நீங்க தேர்ந்தெடுக்கும் கார்டும் நாலைந்து வருஷத்தில் மாறலாம், நிற்கலாம். அதனால் ‘எது பெஸ்ட் கார்டு’ என்ற பதிலைவிட, அந்தக் கணக்கைப் போடும் முறை தெரிந்திருப்பதுதான் நீண்ட நாளைக்கு உதவும்.

இமெயிலில் முதலில் எதைப் பார்க்கணும்?

முதல் வேலை, அது நிஜமாகவே வங்கியிலிருந்து வந்ததா என்று பார்ப்பது. ‘கார்டு பிளாக் ஆகப்போகுது, இந்த லிங்க்கைத் தொடுங்க’ என்பது மோசடிக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் வசனம். மெசேஜில் இருக்கும் லிங்க்கைத் தொடாமல், வங்கியின் ஆப்பை நீங்களே திறந்து பாருங்க. அல்லது கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு போன் போட்டு உறுதிசெய்யுங்க.

நிஜம்தான் என்றால், மூன்றில் எது நடக்கிறது என்று கவனியுங்க.

ஒன்று, கார்டு கணக்கே மூடப்படுகிறது. அப்படியானால் சேர்ந்திருக்கும் கேஷ்பேக்கையோ பாயின்ட்டையோ எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அந்தத் தேதி போனால் பணமும் போகலாம்.

இரண்டு, அதே வங்கியின் வேறொரு கார்டாக மாற்றித் தருகிறார்கள். ‘இதைவிட நல்ல கார்டு சார்’ என்பார்கள். அதன் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்க. உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கார்டை அப்கிரேடு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்று, கார்டு அப்படியேதான் இருக்கும். சலுகை மட்டும் குறையும். இந்த நிலையில் அவசரமே இல்லை. ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு என்றால் பீரோவில் போட்டு வைத்துக்கொண்டு, வேறொன்றைப் பார்க்கலாம்.

ஸ்டேட்மென்ட்டை எடுங்க, அஞ்சு பெட்டியா பிரிங்க

கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் செய்யுங்க. ஒவ்வொரு செலவையும் ஐந்து பெட்டிகளில் ஒன்றில் போடுங்க. ஆன்லைன் ஷாப்பிங், உணவு, மளிகை டெலிவரி ஆப்கள், கடைக்கு நேரில் போய்த் தேய்த்தது, கரன்ட் பில், மொபைல், பிராட்பேண்ட் போன்ற பில்கள், கடைசியாக பெட்ரோல், இன்ஷூரன்ஸ் போன்றவை. மூன்று மாதக் கூட்டலை மூன்றால் வகுத்தால் மாதச் சராசரி கிடைக்கும். அரை மணி நேர வேலைதான்.

டீக்கடையிலும் பெட்டிக்கடையிலும் ஸ்கேன் செய்து கட்டுவதை இதில் சேர்க்காதீங்க. அது சேமிப்புக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகப் போகும் பணம், கார்டு செலவு அல்ல. ரூபே கிரெடிட் கார்டு இருந்தால் அதை யுபிஐ ஆப்பில் இணைத்துக் கடைகளின் க்யூஆர் கோடில் கட்டலாம். ஆனால் கார்டைத் தேய்த்தால் கிடைக்கும் கேஷ்பேக், அப்படி யுபிஐ வழியாகக் கட்டும்போது கிடைக்காமலோ குறைந்தோ போகலாம். அந்தக் கார்டின் விதியில் இது தனியாக எழுதியிருக்கும்.

ஐந்தாவது பெட்டியைத் தனியாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பெட்ரோல், இன்ஷூரன்ஸ், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, நகை, பள்ளிக் கட்டணம், அரசுக்குக் கட்டும் பணம், இஎம்ஐ-யாக மாற்றிய செலவு ஆகியவற்றில் பலவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகள் கேஷ்பேக் தருவதில்லை. பெட்ரோலுக்கு 1 சதவீத சர்சார்ஜ் தள்ளுபடி என்று ஒன்று வரும். அது கேஷ்பேக் அல்ல. உங்களிடம் கூடுதலாகப் பிடிக்கும் பணத்தைத் திருப்பித் தருவது மட்டும்தான்.

மூணு வகை கார்டு, ரெண்டு பேர், ஒரே 30,000 ரூபாய்

சந்தையில் பல பெயர்களில் கார்டுகள் இருந்தாலும், கேஷ்பேக் கார்டுகளைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கிவிடலாம்.

முதல் வகை, ஆன்லைன் கார்டு. எந்தத் தளத்தில் வாங்கினாலும் ஆன்லைனுக்கு அதிகமாகவும், கடைக்குக் குறைவாகவும் தரும். எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு இந்த ரகம்.

இரண்டாவது, ‘ஒரே ரேட்’ கார்டு. எங்கே செலவழித்தாலும் ஏறக்குறைய ஒரே சதவீதம். ஆக்சிஸ் ஏஸ் கார்டின் அடிப்படை 1.5 சதவீதம் இதற்கு உதாரணம்.

மூன்றாவது, ‘ஒரு கடை’ கார்டு. ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து கொடுப்பது. அங்கே வாங்கினால் அதிகம், வெளியே வாங்கினால் குறைவு. அமேசான் பே ஐசிஐசிஐ, ஃபிளிப்கார்ட் ஆக்சிஸ் கார்டுகள் இப்படிப்பட்டவை.

இப்போது கணக்குக்காக மூன்று மாதிரிக் கார்டுகளை வைத்துக்கொள்வோம். இவை எந்த வங்கியின் கார்டும் அல்ல.

ஆன்லைன் கார்டு: ஆன்லைனுக்கு 5%, கடைக்கு 1%. பில், பெட்ரோல், இன்ஷூரன்ஸுக்கு எதுவும் இல்லை. ஆண்டுக் கட்டணம் ரூ.999. அதோடு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.1,179.

ஒரே ரேட் கார்டு: பெட்ரோல், இன்ஷூரன்ஸ் தவிர எல்லாவற்றுக்கும் 1.5%. கட்டணம் ரூ.499. ஜிஎஸ்டியோடு ரூ.589.

ஒரு கடை கார்டு: அந்தத் தளத்தில் 5%, மற்ற இடங்களில் 1%. பெட்ரோல், இன்ஷூரன்ஸுக்கு இல்லை. கட்டணம் கிடையாது.

முதல் ஆள், சென்னை ஓஎம்ஆரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஐடி ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஆன்லைன் ஷாப்பிங் ரூ.8,000 (அதில் பாதி ஒரே தளத்தில்), டெலிவரி ஆப்களில் ரூ.6,000, கடையில் ரூ.5,000, பில்கள் ரூ.3,000, பெட்ரோல் ரூ.3,000, இன்ஷூரன்ஸ் ரூ.5,000. மொத்தம் ரூ.30,000.

ஆன்லைன் கார்டில் இவருக்கு 14,000 ரூபாய்க்கு 5% என்று 700 ரூபாய், கடைச் செலவுக்கு 50 ரூபாய், ஆக மாதம் 750. வருஷத்துக்கு 9,000. கட்டணம் போக ரூ.7,821 மிஞ்சும். ஒரே ரேட் கார்டில் 22,000 ரூபாய்க்கு மாதம் 330. வருஷத்துக்கு 3,960. கட்டணம் போக ரூ.3,371. ஒரு கடை கார்டில் 4,000 ரூபாய்க்கு 200, மீதி 18,000 ரூபாய்க்கு 180, ஆக மாதம் 380. கட்டணம் இல்லாததால் வருஷத்துக்கு முழுசாக ரூ.4,560.

இரண்டாவது ஆள், மதுரையில் குடும்பத்தோடு இருப்பவர். மளிகை, துணிமணி எல்லாம் கடைக்குப் போய்த்தான். கடையில் ரூ.20,000, பில்கள் ரூ.4,000, ஆன்லைனில் ரூ.3,000 (பாதி ஒரே தளத்தில்), பெட்ரோல் ரூ.3,000. இவருக்கும் மொத்தம் அதே ரூ.30,000.

ஆன்லைன் கார்டு இவருக்கு மாதம் 150 + 200 = 350 தரும். வருஷத்துக்கு 4,200. கட்டணம் போக ரூ.3,021. ஒரே ரேட் கார்டு 27,000 ரூபாய்க்கு மாதம் 405 தரும். வருஷத்துக்கு 4,860. கட்டணம் போக ரூ.4,271. ஒரு கடை கார்டு 75 + 255 = 330. வருஷத்துக்கு ரூ.3,960.

முதல் ஆளுக்கு முதலிடம் பிடித்த கார்டு, இரண்டாம் ஆளுக்குக் கடைசி. முதல் ஆளுக்குக் கடைசியாக வந்தது இவருக்கு முதலிடம். செலவு ஒன்றுதான், பெட்டிகள்தான் வேறு.

இன்னொன்றையும் கவனியுங்க. இரண்டாம் ஆளுக்கு நல்ல கார்டுக்கும் மோசமான கார்டுக்கும் உள்ள வித்தியாசம் வருஷத்துக்கு 1,250 ரூபாய்தான். மாதம் சுமார் 104 ரூபாய். இதற்காக நாலு கார்டு எடுத்து, நாலு கெடு தேதிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. முதல் ஆளுக்கோ வித்தியாசம் 4,450 ரூபாய். அவர் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

5 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்து

ஒவ்வொரு கார்டுக்கும் ‘மிக முக்கியமான விதிமுறைகள்’ என்ற ஆவணம் வங்கியின் இணையதளத்தில் இருக்கும். விண்ணப்பத்தோடு ஒரு பக்க ‘முக்கியத் தகவல் அறிக்கை’யும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இவற்றில் தேட வேண்டியவை நாலு.

உச்சவரம்பு: மேலே ஐடி ஊழியருக்குப் போட்ட கணக்கில், ஆன்லைன் கேஷ்பேக்குக்கு மாதம் 500 ரூபாய்தான் வரம்பு என்று ஒரு வரி இருந்தால் என்ன ஆகும்? மாதம் 750 என்பது 550 ஆகும். வருஷ முடிவில் கையில் நிற்பது 7,821 அல்ல, 5,421. ஒரே வரியில் 2,400 ரூபாய் போச்சு. அந்த வரம்பு காலண்டர் மாதத்துக்கா, பில்லிங் சுழற்சிக்கா என்றும் பாருங்க. தீபாவளி மாதிரி பெரிய செலவு வரும் மாதத்தில் இது உதவும். கார்டு விதி அனுமதித்தால், பில் தேதிக்கு முன் பாதி, பின் பாதி என்று பிரித்து வாங்கலாம்.

பணமா, பாயின்ட்டா: ‘கேஷ்பேக்’ என்று பெயர் இருந்தாலும் எல்லாம் காசாக வருவதில்லை. சில கார்டுகளில் அடுத்த பில்லில் தானாகக் கழித்துவிடுவார்கள். சிலவற்றில் அந்த நிறுவனத்தின் வாலட்டில் சேரும். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டின் கேஷ்பேக் அமேசான் பே பேலன்ஸாகத்தான் வரும். இன்னும் சிலவற்றில் பாயின்ட்டாகச் சேரும். நீங்கதான் கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச பாயின்ட், மாற்றும் கட்டணம், காலாவதி தேதி எல்லாம் இருக்கலாம். இரண்டு கார்டுகள் ஏறக்குறைய சமம் என்றால், பில்லில் தானாகக் கழியும் கார்டையே எடுங்க.

கட்டணத் தள்ளுபடி: ‘வருஷம் இவ்வளவு செலவழித்தால் ஆண்டுக் கட்டணம் இல்லை’ என்பார்கள். எந்தெந்தச் செலவு அந்த இலக்கில் சேராது என்று பாருங்க. இலக்கை எட்டுவதற்காகத் தேவையில்லாததை வாங்கினால், மிச்சமாகும் கட்டணத்தைவிட செலவுதான் அதிகமாகும்.

‘லைஃப் டைம் ஃப்ரீ’: மாலில் ஸ்டால் போட்டிருப்பவரோ போனில் அழைப்பவரோ வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீங்க. வங்கியின் அதிகாரப்பூர்வ இமெயிலிலோ விண்ணப்பத்திலோ அது எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஒண்ணு சரியில்லேன்னா கணக்கே வேண்டாம்

மேலே போட்ட எல்லாக் கணக்கும், பில்லை ஒவ்வொரு மாதமும் முழுசாகக் கட்டுபவருக்கு மட்டும்தான். கிரெடிட் கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதாவது வருஷத்துக்கு 42 சதவீதம். 30,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டி ரூ.1,050. அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் ரூ.1,239. ஐடி ஊழியருக்கு அந்த மாதம் கிடைக்கும் கேஷ்பேக் 750 ரூபாய்தான் என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க.

‘மினிமம் ட்யூ கட்டிட்டேன், பிரச்சினை இல்லை’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தாமதக் கட்டணத்தை மட்டும்தான் தடுக்கும். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பாக்கி இருக்கும் வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. ஏற்கெனவே பாக்கி வைத்திருப்பவர்கள் புதிய கேஷ்பேக் கார்டு தேட வேண்டாம். முதலில் பாக்கியை அடைத்துவிட்டு வாங்க.

கிரெடிட் ஸ்கோர் என்ன ஆகும்?

இரண்டு விஷயங்கள் பாதிக்கலாம். முதலாவது, கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்ற விகிதம். உங்களிடம் 1 லட்சம் வரம்புள்ள ஒரு கார்டும், 2 லட்சம் வரம்புள்ள இன்னொன்றும் இருக்கின்றன. மாதம் 60,000 ரூபாய் செலவழித்தால் அது மொத்த வரம்பில் 20 சதவீதம். 2 லட்சம் கார்டு நின்றுபோனால் அதே செலவு 60 சதவீதம் ஆகிவிடும். 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. அதனால் பழைய கார்டு மூடும் முன்பே புதிய கார்டு கைக்கு வருவது நல்லது. இல்லையென்றால், பில் வரும் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம்.

இரண்டாவது, விண்ணப்பங்கள். ஒவ்வொரு முறை அப்ளை செய்யும்போதும் வங்கி உங்க கிரெடிட் ரிப்போர்ட்டைக் கேட்டுப் பார்க்கும். அது பதிவாகும். ஒரே வாரத்தில் நாலு வங்கிகளில் அப்ளை செய்தால், ‘இவருக்குப் பணம் அவசரமோ’ என்று அடுத்த வங்கி யோசிக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் விண்ணப்பியுங்க. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் ஆப்பில் ‘ப்ரீ அப்ரூவ்டு’ என்று உங்களுக்கு ஏற்ற கார்டு இருந்தால், கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்த சில மாதத்தில் வீட்டுக் கடன் வாங்கும் யோசனை இருந்தால், அது முடியும் வரை புதிய கார்டைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பு.

கிரெடிட் வரலாறு இல்லாததால் கார்டு மறுக்கப்படுகிறது என்றால், ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கார்டுகள் இருக்கின்றன. டெபாசிட்டுக்கு வட்டியும் வரும், கார்டு பில்லை ஒழுங்காகக் கட்டக் கட்ட வரலாறும் சேரும்.

கார்டு மாறும் மாதத்தில் மறந்துபோகும் விஷயங்கள்

ஆட்டோ பே: ஓடிடி சந்தா, மொபைல் பில், எஸ்ஐபி அல்லாத மாதாந்திரக் கட்டணங்கள், குறிப்பாக இன்ஷூரன்ஸ் பிரீமியம். பழைய கார்டில் கொடுத்த தானியங்கி அனுமதி புதிய கார்டுக்குத் தானாக வராது. ஓடிடி நின்றால் ஒரு நாள் சினிமா போகும், அவ்வளவுதான். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் போகாமல் பாலிசி காலாவதியானால், ஆஸ்பத்திரியில் நிற்கும்போதுதான் தெரியவரும். வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ உங்க ஆட்டோ பே பட்டியலைப் பார்க்கலாம். அதை ஒரு பேப்பரில் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றுங்க. வருஷத்துக்கு ஒரு முறை போகும் கட்டணங்கள் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் தெரியாது என்பதால் ஒரு வருஷத்துக்கானதைப் பாருங்க.

சேமித்த கார்டு: 2022 அக்டோபர் முதல் ஷாப்பிங் தளங்கள் உங்க கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. அதற்குப் பதில் டோக்கன் ஒன்றை வைத்திருக்கும். கார்டு மாறினால் ஒவ்வொரு தளத்திலும் புதிய கார்டை மறுபடி சேர்த்துச் சம்மதம் கொடுக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் இஎம்ஐ: போன் வாங்கிய இஎம்ஐ பாக்கி இருந்தால், அது புதிய கார்டுக்கு மாறுமா, மொத்தமாகக் கட்டச் சொல்வார்களா, முன்கூட்டி முடிக்கக் கட்டணம் உண்டா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்க.

வர வேண்டிய ரீஃபண்ட்: திருப்பி அனுப்பிய பொருள், ரத்து செய்த டிக்கெட் ஆகியவற்றின் பணம் பழைய கார்டுக்குத்தான் வரும். அது வந்து சேர்ந்த பிறகு மூடுவது தலைவலியைக் குறைக்கும். கணக்கில் உங்க பணம் மிச்சம் இருந்தால், மூடும்போது அதை உங்க வங்கிக் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும்.

மூடச் சொன்னால் வங்கி இழுத்தடிக்க முடியாது

மாற்றாகக் கொடுக்கும் கார்டு பிடிக்கவில்லை, மூடிவிடலாம் என்று முடிவெடுத்தால், ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிகள் உங்க பக்கம் இருக்கின்றன. பாக்கி எல்லாம் கட்டியிருந்தால், மூடச் சொல்லி நீங்க கேட்ட 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதமானால், ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ‘தபாலில் கடிதம் அனுப்புங்க’ என்று வற்புறுத்தக் கூடாது. ஆப், இணையதளம், இமெயில், ஹெல்ப்லைன் எதிலும் கேட்கலாம்.

கட்டணங்களை மாற்றுவதாக இருந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். அது பிடிக்காமல் கார்டைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கென்று கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. நீங்க கேட்காமலே ஒரு கார்டை அனுப்பி, அதற்கு பில்லும் போட்டால், அந்தத் தொகையை ரத்து செய்வதோடு அதைப் போல் இரு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, உங்களுக்கு அறிவித்துவிட்டு வங்கியே மூடும் நடைமுறையும் இந்த விதிகளில் இருக்கிறது. பீரோவில் வைத்திருக்கும் இலவசக் கார்டை வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

கேட்ட தேதியும் புகார் எண்ணும் முக்கியம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும்.

மூடிய பிறகு இரண்டு வேலை பாக்கி. பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தை இமெயிலில் கேட்டு வாங்குங்க. ஓரிரு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து, அந்தக் கார்டு ‘மூடப்பட்டது’ என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்க. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நாலு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும்.

கார்டு நிற்கும் தேதி உங்களுக்கு வந்துவிட்டது என்றால், இன்றைக்கே ஒரு வருஷ ஸ்டேட்மென்ட்களை டவுன்லோட் செய்து போனில் வைத்துக்கொள்ளுங்க. கணக்கு மூடிய பிறகு ஆப்பில் அவை திறக்காமல் போகலாம். ஐந்து பெட்டிக் கணக்குக்கும், ஆட்டோ பே பட்டியலுக்கும், நாளை ஏதாவது தகராறு வந்தால் ஆதாரத்துக்கும் அவைதான் உதவும்.